பழைய காரின் ஏசி கம்ப்ரஸர் சத்தமிட்டால்: மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய காரில் ஏசியைப் போட்டால் பானெட்டுக்குள்ளிருந்து சத்தம் வருகிறது என்று சொன்னால், பட்டறைகளில் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தாம் கிடைக்கும்: 'கேஸ் ஏற்றிப் பார்க்கலாம்' அல்லது 'கம்ப்ரஸரை மாற்றிவிடலாம்'. முதலாவது சில வேளைகளில் சத்தத்தைக் கூட்டிவிடும். இரண்டாவது, வண்டியின் இன்றைய விற்பனை மதிப்பில் ஒரு நல்ல பங்கை விழுங்கிவிடும். கம்ப்ரஸரின் சத்தம் என்று நாம் நினைப்பது பல நேரங்களில் அதன் உள்ளிருந்து வருவதே இல்லை. புல்லியின் பேரிங், பெல்ட், கிளட்ச் தட்டு, தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட், கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சருக்குரிய, ஓடாமல் நிற்கும் மின்விசிறி என்று வெளியே இருக்கும் ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும். ஆகவே சத்தம் எப்படிப்பட்டது என்று ஆராய்வதற்கு முன்னால், அது எப்போது வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கம்ப்ரஸர் வேலை செய்யும் முறையை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எஞ்சின் ஓடும்போதெல்லாம் பெல்ட் ஓடுகிறது. பெல்ட் ஓடும்போதெல்லாம் கம்ப்ரஸரின் முகப்பில் உள்ள புல்லியும் சுழல்கிறது. ஏசி பொத்தானை அழுத்தாத வரை அந்தப் புல்லி தன் பேரிங்கின்மேல் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்; கம்ப்ரஸரின் தண்டு அசையாது. பொத்தானை அழுத்தியதும் புல்லிக்குப் பின்னால் உள்ள காயில் (கம்பிச் சுருள்) மின்காந்தமாகி, முன்னால் உள்ள தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்ட வைக்கிறது. 'டக்' என்று கேட்பது அந்த ஒட்டுதல்தான். அதன் பிறகே தண்டு சுழன்று கேஸை அழுத்தத் தொடங்கும். மார்கழி முழுவதும் ஏசியைத் தொடாமலே ஓட்டுகிறவரின் வண்டியிலும் புல்லி பேரிங் தேய்வது இதனால்தான்.

கேட்டுப் பார்ப்பது

எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், தெரு ஓசை அடங்கிய இடத்தில் இதைச் செய்வது நல்லது. வேட்டி கட்டியிருந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும். தோளில் துண்டு, கழுத்தில் தொங்கும் சங்கிலி, துப்பட்டா எதுவும் இருக்கக் கூடாது. ஓடும் பெல்ட் துணியின் நுனியைப் பிடித்துவிட்டால் கையை விலக்கக்கூட நேரம் இருக்காது. கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, ஒருவரை உள்ளே உட்காரச் சொல்லுங்கள். முதலில் ஏசி இல்லாமல் எஞ்சினை ஓட விட்டுக் கேளுங்கள். பிறகு ஏசியைப் போடச் சொல்லிக் கேளுங்கள். மீண்டும் அணைக்கச் சொல்லுங்கள். காற்று விசிறியை மட்டும் தனியே ஓட்டிப் பார்ப்பதும் அவசியம், ஏனென்றால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் விசிறியில் எலி கொண்டுவந்து சேர்த்த வைக்கோலும் காகிதமும் உரசும் சத்தத்தைக் கம்ப்ரஸர் சத்தம் என்று எண்ணிப் பட்டறைக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. வயல் ஓரத்து வீடுகளில் நிற்கும் வண்டிகளுக்கு இது மிகச் சாதாரணம்.

எஞ்சினை நிறுத்திய பிறகு சில விநாடிகள் 'உஸ்' என்று கேட்பதும், ஏசி சேரும்போது ஒரு 'டக்' கேட்பதும், எஞ்சினின் ஓட்டம் சற்றே கனப்பதும் இயல்பானவை. அவற்றுக்காகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

ஏசி அணைந்திருக்கும்போதே வரும் சத்தம்

ஏசியைப் போடாமலே 'கர்ர்' என்ற இரைச்சல் தொடர்ந்து கேட்டு, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறினால், கம்ப்ரஸரின் உட்புறத்தைச் சந்தேகிக்க இடமே இல்லை; தண்டு அப்போது சுழலவில்லை. புல்லி பேரிங், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஐட்லர் புல்லி, ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் ஆகியவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஒவ்வொன்றின் அசையாத உலோகப் பகுதியிலும் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்ட வைத்தால், பழுதான பேரிங்கின் கரகரப்பு மற்றவற்றிலிருந்து தெளிவாகப் பிரிந்து கேட்கும்.

இதைவிட உறுதியான வழி, எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுவது. நல்ல பேரிங் சத்தமில்லாமல் வழுக்கிச் சுழலும். கெட்டது மணல் கலந்ததுபோல் நெருடும், அல்லது புல்லியைப் பிடித்து ஆட்டினால் ஆடும். பழைய மாடல்கள் பலவற்றில் ஏசிக்கென்றே தனிப் பெல்ட் இருக்கும். அப்படியானால் அதைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். வாட்டர் பம்பையும் சேர்த்து ஒரே பெல்ட் ஓட்டும் வண்டியில், பெல்ட் இல்லாமல் சில விநாடிகளுக்குமேல் எஞ்சினை ஓட விடக் கூடாது.

புல்லி பேரிங் மட்டும் போயிருந்தால் மகிழ்ச்சியடையலாம். கம்ப்ரஸரின் முகப்பில் கைவிட இடம் இருக்கும் வண்டிகளில், நடுவில் உள்ள போல்ட்டையும் சர்க்ளிப் என்னும் பிடிவளையத்தையும் எடுத்துப் புல்லியைக் கழற்றிவிடலாம். கேஸைத் தொட வேண்டியதே இல்லை. கேஸை வெளியேற்றித்தான் ஆக வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், ஏன் என்று நிதானமாகக் கேளுங்கள். சில வண்டிகளில் இடநெருக்கடி உண்மையிலேயே அதற்குக் காரணமாக இருக்கும். பேரிங்கின் ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டால், தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ திருச்சியிலோ உள்ள பேரிங் கடைகளில் கேட்டு வாங்கலாம். புதியதைச் சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள். லேத் பட்டறையில் பிரஸ் வைத்து, பேரிங்கின் வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் விழும்படி ஏற்றினால்தான் அது நீடிக்கும். தேய்ந்த பேரிங்கோடு மாதக்கணக்கில் ஓட்டினால் புல்லி தள்ளாடிக் காயிலை உரசி எரித்துவிடும். ஒரு பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு அப்போது முழுக் கிளட்ச் செட்டாக மாறும்.

ஏசி சேரும் கணத்தில் வரும் கீச்சொலி

ஏசி சேரும் நொடியில் மட்டும் 'கீச்' என்று கேட்டு அடங்கினால், பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது பளபளவென்று வழுவழுப்பாகியிருக்கும். எஞ்சின் ஓடும்போது, கையை எட்டவே வைத்துக்கொண்டு, பெல்ட்டின் உட்புறத்தில் சிறிது தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். சத்தம் சற்று நேரம் நின்று திரும்பி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று கொள்ளலாம். தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் இழுவிசை போதவில்லை என்று பொருள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்றுத் தண்ணீரில் ஓடிய வண்டிகளில் பெல்ட்டின் வரிகளுக்குள் களிமண் இறுகிக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்தாலே தீர்ந்துவிடுவதும் உண்டு. பெல்ட்டில் சோப்பையோ எண்ணெயையோ தேய்ப்பது ஒருநாள் மௌனத்தை மட்டுமே தரும்.

பெல்ட் நன்றாக இருந்தும் கீச்சொலியோடு கருகல் வாடை வந்தால் கிளட்ச் தட்டு வழுக்குகிறது. தட்டுக்கும் புல்லிக்கும் இடையே பல கம்ப்ரஸர்களில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்க வேண்டும். தேயத் தேய அது கூடிவிடும். காலையில் ஒழுங்காகச் சேரும் கிளட்ச், மதிய வெயிலில் எஞ்சின் சூடேறியதும் சேர மறுப்பதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம். ஃபீலர் கேஜால் அளந்து, தட்டுக்குப் பின்னால் உள்ள மெல்லிய வாஷர்களில் ஒன்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

ஏசி ஓடும்போது தொடரும் சத்தம்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. முதலில் ஸ்பேனரை எடுத்துக் கம்ப்ரஸரையும் பிராக்கெட்டையும் பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஒவ்வொன்றையும் சோதியுங்கள். பத்துப் பதினைந்து ஆண்டு அதிர்ந்த போல்ட் தளர்வதில் வியப்பில்லை. பிராக்கெட்டில் மயிரிழை விரிசல் விடுவதும் உண்டு. கேஸ் குழாய்கள் பாடியில் எங்காவது உரசினால், அந்த அதிர்வு ஸ்டியரிங் வரை வந்து எஞ்சினே கெட்டதுபோல் பயமுறுத்தும்.

அடுத்தது கண்டென்சர். ஓடும்போது அமைதியாக இருக்கும் வண்டி, ரயில்வே கேட்டில் நிற்கும்போது மட்டும் உறுமினால், கண்டென்சருக்குக் காற்று போதவில்லை என்று பெரும்பாலும் முடிவுகட்டிவிடலாம். காற்று இல்லாவிட்டால் வெப்பம் வெளியேறாது; உயர் அழுத்தப் பக்கத்தின் அழுத்தம் கூடிக்கொண்டே போகும்; அந்தச் சுமையில் கம்ப்ரஸர் முனகும். டெல்டாவில் இதற்கு ஒரு பருவமும் உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை இயந்திரங்கள் கிளப்பும் சுணையும் பதரும், சாலையில் காயும் நெல்லின்மேல் ஓட்டிச் செல்லும்போது பறக்கும் தூசும் கண்டென்சரின் செதில்களுக்குள் புகுந்து, பின்னாலிருக்கும் ரேடியேட்டருக்கும் அதற்கும் இடையில் மெத்தைபோல் படிந்துவிடும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும்.

சத்தம் வரும்போது ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கண்டென்சரின் முகத்தில் மெதுவாக ஊற்றுங்கள். உறுமல் சட்டென்று குறைந்தால் கம்ப்ரஸர் குற்றமற்றது. ஏசி போட்டதும் மின்விசிறி ஓடுகிறதா, அதன் ஒயரை எலி கடித்திருக்கிறதா, ஃபியூஸும் ரிலேயும் நலமா என்று பார்த்துவிட்டு, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கித் தண்ணீரைப் பாய்ச்சித் தூசை வெளியேற்றுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தக் குழாயை அருகில் கொண்டுபோனால் செதில்கள் மடிந்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளில் செதில்கள் விரல் பட்டாலே உதிரும்; அந்த நிலையில் கழுவிப் பயனில்லை, கண்டென்சரையே மாற்ற வேண்டும்.

கேஸ் அளவை இதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். எஞ்சின் நிற்கும்போது மீட்டரை மாட்டி அழுத்தத்தைப் படித்துவிட்டு 'கேஸ் நிறைய இருக்கிறது' என்று சொல்வது பிழை. 30 டிகிரி வெப்பத்தில், உள்ளே சிறிதளவு திரவம் மிஞ்சியிருந்தாலே ஏசி கேஸான ஆர்-134ஏ ஏறக்குறைய 95 முதல் 100 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) வரை காட்டும். ஏசி ஓடும்போது தாழ் அழுத்தப் பக்கம் 25 முதல் 40 வரையும், 35 டிகிரி வெயிலில் உயர் அழுத்தப் பக்கம் 200 முதல் 250 வரையும் இருந்தால் பெரும்பாலும் சரி. ஆண்டுதோறும் கத்திரி வெயிலுக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால் அளவு மிஞ்சிக் கம்ப்ரஸர் அதிரும். பானெட்டின் உட்புற ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். பழைய கேஸை முழுவதும் எடுத்து, வேக்கம் போட்டு (உள்ளிருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி), எடைபோட்டு அந்த அளவை ஏற்றுவதே முறை. குறைந்தாலும் தொல்லைதான்: கிளட்ச் 'டக் டக்' என்று அடிக்கடி சேர்ந்து விலகும், கேஸோடு சுற்றிவரும் ஆயிலும் திரும்பி வராமல் கம்ப்ரஸர் காய்ந்து போகும். குறைந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். கம்ப்ரஸரின் மூக்கில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் தண்டின் சீல் கசிகிறது.

மலிவாகக் கிடைக்கிறது என்று சமையல் எரிவாயு கலந்த கேஸை ஏற்றச் சம்மதிக்காதீர்கள். தீப்பற்றும் பொருளை வண்டிக்குள் சுற்றவிடுவதாகும் அது. ஆர்-134ஏ-க்குப் பெரும்பாலும் பி.ஏ.ஜி. என்னும் செயற்கை ஆயில்தான் பொருந்தும். மிகப் பழைய வண்டிகளில் இருந்த ஆர்-12, மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி இந்தியாவில் 2010 தொடக்கத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது; அதற்குரிய மினரல் ஆயில் வேறு.

உண்மையிலேயே உள்ளே பழுதானால்

இவை அனைத்தும் சரியாக இருந்தும், ஏசி ஓடும்போது மட்டும் உலோகம் மோதும் 'டொக் டொக்' ஒலி வந்தால், எஞ்சினை நிறுத்திவிட்டு முன் தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சீரான எதிர்ப்போடு சுழல வேண்டும். இடையிடையே சிக்கினாலும் நெருடினாலும் உட்பாகங்கள் தேய்ந்துவிட்டன. இனி ஏசியைப் போடக் கூடாது. இறுகி நின்றுவிட்டால் பெல்ட் அறுந்து, ஒரே பெல்ட் உள்ள வண்டியில் வாட்டர் பம்பும் நின்று எஞ்சின் கொதித்துவிடும்.

கம்ப்ரஸரைக் கழற்றும்போது உள்ளிருக்கும் ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். வெள்ளித் துகள்கள் மின்னினால் கம்ப்ரஸரை மட்டும் மாற்றிப் பயனில்லை. குழாய்களை ஃப்ளஷ் செய்து, ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையரையும் கேஸின் அழுத்தத்தைத் தணிக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றியாக வேண்டும். நுண்குழாய்கள் கொண்ட கண்டென்சராக இருந்தால் துகள்கள் முழுவதும் வெளியேறா, அதையும் மாற்றுவதே நல்லது. மொத்தச் செலவு வண்டிக்குத் தகாது என்று தோன்றினால், தனிப் பெல்ட் உள்ளவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஏசி இல்லாமலே ஓட்டலாம். எனக்கு இதில் அவமானம் எதுவும் தெரியவில்லை.

சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களிலிருந்து வரும் பழைய கம்ப்ரஸரை வாங்குவதானால், குழாய் வாய்கள் மூடியிட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். திறந்து கிடந்ததில் ஈரம் ஏறியிருக்கும், பி.ஏ.ஜி. ஆயில் ஈரத்தை வெகுவாக உறிஞ்சும். பொருத்தி, ஆயிலை அளந்து ஊற்றி, கேஸ் ஏற்றிய பிறகு, எஞ்சினை எழுப்புவதற்கு முன் முன் தட்டைக் கையால் பத்துச் சுற்றாவது சுற்றிவிடச் சொல்லுங்கள். உள்ளே தேங்கிய திரவத்தைக் கம்ப்ரஸர் முதல் சுழற்சியிலேயே அழுத்த முயன்று வால்வை உடைத்துக்கொள்ளாமல் இருக்கும். ஒரு வாரம் ஓட்டியபின் பிராக்கெட் போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். மழைக்காலத்திலும் வாரத்துக்குப் பத்து நிமிடம் ஏசியை ஓட விட்டால், தண்டின் சீல் ஆயிலில் நனைந்து காயாமல் இருக்கும்.