ஒரு பாம்புக்கு ஒரு பெட்டி

வளர்ப்புப் பெட்டியில் இரண்டு பால் பைத்தான்கள் (ball python என்ற சிறிய மலைப்பாம்பு வகை) ஒரே மறைவிடத்தில் சுருண்டு கிடப்பதைப் படமெடுத்து, ‘எவ்வளவு பாசம் பாருங்க’ என்று எனக்கு அனுப்புகிறார்கள். பாசமாவது ஒன்றாவது! 32 டிகிரி சூடுள்ள மூலை பெட்டியில் ஒன்றுதான்; இரண்டுக்கும் அதுதான் வேண்டும். பலமானது பிடித்துக்கொள்ளும், மற்றது இரை எடுக்காமல் மெலியும்.

இரை நேரம் இன்னும் மோசம். ஒரே எலியை இரண்டும் இரு முனையில் கவ்வினால், விழுங்கிக்கொண்டே வந்து ஒன்று மற்றதன் தலையையும் சேர்த்து விழுங்கப் பார்க்கும். கிங் ஸ்னேக் என்ற வகைக்கு (இது ராஜநாகம் இல்லை) எலிகூட வேண்டாம். பக்கத்துப் பாம்பே இரைதான்.

ஆகவே தனிப் பெட்டி, தனி மறைவிடம், தனித் தண்ணீர்க் கிண்ணம். கக்கிய இரை கிடந்தால், எந்தப் பாம்புக்கு உடம்பு சரியில்லை என்று உடனே தெரியும். புதிதாக வந்ததை மூன்று மாதம் வேறு அறையில் வையுங்கள். உண்ணி சத்தமில்லாமல் பரவும். தினமும் பழையதை முதலில் கவனியுங்கள், அப்புறம் புதியது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.