பிரிவு உபசாரத்தில் நாம் சறுக்கும் இடங்கள்

வணிகர் சங்கத்திலோ உற்பத்தியாளர் சங்கத்திலோ பல வருடம் வேலை பார்த்த ஒருவர் கிளம்புகிறார் என்றதும் நிர்வாகக் குழுவில் எழும் கேள்விகள் இரண்டுதான்: ஹால் எங்கே, நினைவுப் பரிசு என்ன? இரண்டும் வேண்டியவைதான். ஆனால் பிரிவு உபசாரம் கெட்டுப்போவது பெரும்பாலும் வேறு இடங்களில்.

சங்கம் கம்பெனி மாதிரி இல்லை. சந்தையில் ஒருவரோடு ஒருவர் மோதுகிறவர்கள் இங்கே ஒரே மேஜையில் உட்காருகிறார்கள். அப்படி உட்கார வைப்பது அலுவலகத்தில் இருக்கும் அந்தச் செயலாளரோ மேலாளரோதான். ஒவ்வொரு உறுப்பினரின் விற்பனைக் கணக்கும் அவர் கைக்கு வரும். வெளியே போவது மொத்தக் கூட்டல் மட்டும். கூட்டத்தில் பேச்சு மெல்ல விலைப் பக்கம் திரும்பினால், "இதை இங்கே பேச வேண்டாம்" என்று நிறுத்துகிறவரும் அவர்தான். போட்டியாளர்கள் கூடி விலை நிர்ணயிப்பது பல நாடுகளில் சட்ட விரோதம் என்பது அவருக்குத் தெரியும், நமக்கு அந்த நேரத்தில் மறந்திருக்கும். அதாவது, அவர் செய்த நல்ல வேலையில் பாதி, நடக்காமல் போன வம்புகள். அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கேதான் முதல் தவறு தொடங்குகிறது.

பேசுவதற்கு எதுவும் கைவசம் இல்லாததால் "கடின உழைப்பாளி, நேர்மையானவர், எப்போதும் சிரித்த முகம்" என்று ஆளாளுக்கு அதையே சொல்கிறோம். பெயரை மாற்றினால் எந்த ஊழியருக்கும் பொருந்தும் பேச்சு அது. நான் போன ஒரு விழாவில் ஒன்பது பேர் பேசினார்கள். ஒன்பது பேருமே இந்நாள், முன்னாள் நிர்வாகிகள். அவரவர் பதவிக் காலத்தில் சங்கம் கண்ட வளர்ச்சிதான் பேச்சின் பெரும்பகுதி. விடைபெறுகிறவரிடம் மைக் வந்தபோது ஹாலைக் காலி செய்யும் நேரமாகிவிட்டது. இரண்டு நிமிடம் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வருட வேலைக்கு இரண்டு நிமிடம்!

மூன்று பேர் பேசினால் போதும். அதில் ஒருவராவது சிறிய உறுப்பினராக இருக்கட்டும். உரிமம் புதுப்பிக்கும் கடைசி நாளில் எந்தத் தாள் விடுபட்டது என்று போனில் சொல்லிக் காப்பாற்றிய கதை அவரிடம்தான் இருக்கும். ஒரு வாரம் முன்பே உறுப்பினர்களிடம் ஆளுக்கு ஒரு சம்பவம் எழுதிக் கேளுங்கள். பழைய கூட்டக் குறிப்புகளையும் ஒருமுறை புரட்டுங்கள். எந்த மனுவை யார் தயாரித்தார் என்பது அதிலிருந்தே தெரியவரும். ஒரு எச்சரிக்கை: அவர் காத்த ரகசியங்களை மேடையில் நகைச்சுவையாக்காதீர்கள். "நம்ம எல்லார் கணக்கும் இவர் கையில்தான்" என்று ஒருவர் சொல்லும்போது அடுத்த நிறுவனத்துக்கோ அரசுத் துறைக்கோ போகிறவரின் நிலை என்ன ஆகும்? அவர் ஒரு உறுப்பினர் நிறுவனத்திலேயே சேர்கிறார் என்றால் இன்னும் கவனம் தேவை. மற்ற உறுப்பினர்களுக்குச் சந்தேகம் வருவது இயல்பு. அந்தச் செய்தியை அவரிடம் கேட்டு, அவர் ஒப்புக்கொண்ட வார்த்தைகளில், சங்கமே சுற்றறிக்கையில் சொல்லிவிடுவது நல்லது. வதந்தியாகக் காதுக்கு வந்த பிறகு சொன்னால் அது விளக்கம் கொடுப்பது போலாகிவிடும்.

பரிசைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உறுப்பினர்கள் தனித்தனியாகக் கொடுக்க ஆரம்பித்தால் பெரிய நிறுவனம் கொடுத்தது எவ்வளவு, சின்னக் கடைக்காரர் கொடுத்தது எவ்வளவு என்று ஆகிவிடும். எல்லோரிடமும் நடுநிலையாக இருந்தவருக்கும் அது தர்மசங்கடம். சங்கத்தின் பெயரில் ஒன்று போதும்.

"இவர் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது." இதைச் சொல்லாத மேடை நான் பார்த்ததில்லை. புதிதாக வருகிறவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார், பாவம். அதோடு, நிரப்ப முடியாத இடமாக விட்டுவைத்தது சங்கத்தின் குறை அல்லவா? பணி ஒப்படைப்பை விழா நாளன்று வைத்துக்கொண்டால் அப்படித்தான் ஆகும். கோப்பும் சாவியும் ஒரு மணி நேர வேலை. எந்த அலுவலகத்தில் யாரிடம் பேசினால் காரியம் நகரும், எந்த உறுப்பினருக்குச் சந்தாவை நினைவூட்டும்போது பதமாகச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் கூடவே அழைத்துப்போய் அறிமுகப்படுத்தினால்தான் கைமாறும். அதற்குச் சில வாரங்கள் வேண்டும். வங்கிக் கையொப்பமும் அரசு இணையதளங்களில் பதிவான தொலைபேசி எண்ணும் அவர் பெயரிலேயே இருந்தால், கடவுச்சொல் கேட்டு அவருக்குத்தான் போன் போகும்.

அப்புறம், அவருக்குச் சேர வேண்டிய பாக்கித் தொகையும் பணிச் சான்றிதழும். விழாவுக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு இவற்றுக்காக மூன்று மாதம் அலைய வைக்கும் சங்கங்கள் உண்டு. விழாவை வேண்டுமானால் தள்ளிப்போடுங்கள், இதைக் கடைசி வேலை நாளிலேயே கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் திட்டமிடும் முன் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டீர்களா? சிலருக்கு மேடை என்றாலே கூச்சம். சிலர் மனக்கசப்போடு கிளம்புகிறவர்களாக இருப்பார்கள்; அவர்களை நாற்காலியில் உட்கார வைத்துப் புகழ்வது வதை. அப்படிப்பட்டவருக்கு அலுவலக ஊழியர்களோடு ஒரு மதியச் சாப்பாடும், தலைவர் கைப்பட எழுதிய ஒரு கடிதமும் போதும். அந்தக் கடிதத்தில் அவர் தயாரித்த ஒரு மனுவையாவது, தீர்த்துவைத்த ஒரு தகராறையாவது குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.