குறுக்கெழுத்து பழகும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், எங்கள் பாம்பன் வீட்டில் எல்லோரும் வீட்டோடுதான், பேப்பர் ஒன்று, குறுக்கெழுத்துக்குக் கை நீட்டுபவர்கள் நாலு பேர். அந்த நெருக்கடியில்தான் நான் இதைப் பழகினேன், அதனால் புதிதாகப் பழகுபவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று நன்றாகத் தெரியும்.

நிறையச் சொல் தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். முதலில் கட்டத்தை எண்ண வேண்டும். உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி எழுத்துக்கும் ஒரு கட்டம். ராமநாதபுரம் ஏழு, இராமநாதபுரம் எட்டு, முகவை என்றால் மூன்றே மூன்று. எந்தப் பெயரைக் கேட்கிறார்கள் என்பதைக் குறிப்பு சொல்லாது, கட்டம்தான் சொல்லும்.

அடுத்தது அவசரம். 'பெற்றோரில் ஒருவர்', மூன்று கட்டம். அம்மா என்று பேனாவால் எழுதிவிட்டேன். ஆனால் அப்பா, அன்னை, தந்தை எல்லாமே மூன்று எழுத்துதான், எல்லாவற்றிலும் நடுவில் புள்ளிதான்! அன்றைக்கு விடை தந்தை, நான் எழுதிய ம் குறுக்கே வந்த சொல்லையும் கெடுத்துவிட்டது. நடுக் கட்டத்தில் ந் விழுந்தால் தந்தை, ன் விழுந்தால் அன்னை, அது தெரியும்வரை பென்சிலோடு நில்லுங்கள்.

எழுத்தின் இலக்கணத்தை மறந்துவிடுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு என்பேன். தமிழ்ச் சொல் புள்ளி எழுத்தில் தொடங்காது. எண் போட்ட கட்டம் என்றால் அங்கே ஒரு சொல் தொடங்குகிறது, ஆகவே அதில் புள்ளி வராது (ஸ்டேஷன் மாதிரி வெளியிலிருந்து வந்த சொற்களை விட்டுவிடுங்கள்). அதேபோல் க், ச், ட், த், ப், ற் ஆறிலும் தமிழ்ச் சொல் முடியாது. 'அப்துல் கலாம் பிறந்த ஊர்' என்று கேட்டு ஆறு கட்டம் கொடுத்தால் ராமேஸ்வரமும் பொருந்தும், ராமேசுவரமும் பொருந்தும், ஆனால் மூன்றாவது கட்டத்தில் எண் இருந்தால் பெரும்பாலும் 'சு'தான். ஆங்கிலத்தில் 26 எழுத்து, நமக்கு 247, அதனால் கஷ்டம் என்பார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் படுகிறது, குறுக்கே ஒரு 'வை' கிடைத்தால் மெய்யும் உயிரும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறதே.

அப்புறம் திசை. தமிழ்ப் புதிர்களில் வலமிருந்து இடமும் கீழிருந்து மேலும் சொல் வரும். குறிப்பு எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று பார்க்காமல் எழுதினால் போச்சு. வலமிருந்து இடம் போகும் 'கடல்' என்ற சொல்லில் ல் இடது ஓரத்தில் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்துத் தனியாக உட்கார வேண்டும் என்று காத்திருப்பதும் தவறு. அப்படி ஒரு நேரம் வரவே வராது, வந்தாலும் பாதிச் சொல் கிடைக்காது. ஒருநாள் குழம்பைக் கிண்டிக்கொண்டே 'கீழ்த்திசைக் காற்று, நாலு கட்டம்' என்று சத்தமாகப் படித்தேன். திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்த மாமா ஊசியை நிறுத்தாமலே, "கொண்டல்னு எழுதும்மா" என்றார். சரியாக உட்கார்ந்தது. அடுத்து மேல்திசைக் காற்று, கச்சான் என்றார். கட்டம் இரண்டுதான். பத்தாவது படிக்கும் மகள் உள்ளேயிருந்து, "கோடைம்மா, எங்க தமிழ்ப் புத்தகத்துல இருக்கு" என்றாள். கடற்கரைச் சொல்லும் சரி, புத்தகச் சொல்லும் சரி, வீட்டில் யாரிடமாவது இருக்கிறது. கேட்டதும் போனைத் தடவினால் அது வெளியே வராது.

மறுநாள் விடையைப் பார்க்காமல் விடாதீர்கள். ஆ என்றால் பசு, கா என்றால் சோலை, கோ என்றால் அரசன், இந்தக் குட்டிச் சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அடுப்படியில் தொங்கும் காலண்டரின் பின்பக்கத்தில் நாங்கள் எழுதி வைக்கிறோம். போன வாரம் 'பரி, குதிரை' என்று அதில் எழுதியது மாமா.