கண்மாய் வேலைக்கு ஊரைக் கூட்டுவது எப்படி

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் கண்மாயைச் சீர்செய்ய நினைக்கிறவர்கள் எஸ்டிமேட் போடத்தான் முதலில் ஓடுகிறார்கள். வேண்டாம். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரர்களையும், வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சியையும் கூட்டிக்கொண்டு கரையில் நடங்கள். தலைமடையில் வயல் வைத்திருப்பவருக்குக் கண்மாய் பாதி நிறைந்தாலே போதும். எந்த மடையில் ஷட்டர் இறங்காது, வாய்க்கால் எங்கே தூர்ந்திருக்கிறது என்பதெல்லாம் கடைமடைக்குத்தான் அத்துப்படி. எங்கள் ஊரில் கரையை உயர்த்துவதாகத்தான் பேச்சு. நீர்பாய்ச்சி சொன்னார்: "கரையைத் தூக்கி என்ன பண்ண? வரத்துக்கால் பூரா சீமைக்கருவேலு. தண்ணி வந்தாத்தானே தேங்கும்?" கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாயே அடைபட்டுக் கிடந்தது தெரிந்து, அதோடு திட்டமே மாறிப்போனது.

அப்புறம், கண்மாய் யார் பொறுப்பு என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம்.

ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூட்டம் போட்டால் நாங்கள் பெண்கள் கோயில் சுவரோரம் நின்றுவிட்டு வருவோம், அவ்வளவுதான். அதனால் நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில், சாப்பாட்டு நேரத்தில் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். ஆடுமாடு தண்ணீர் குடிக்க இறங்கும் இடத்தை ஆழமாக வெட்டிவிடாதீர்கள் என்பது அங்கேதான் வெளியே வரும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்தில் ஆறு நாள் கூடும். 'கண்மாயைச் சீரமைக்க வேண்டும்' என்று தீர்மானத்தை மொட்டையாக எழுதவிடாதீர்கள். சர்வே எண், மடையின் பெயர், வரத்துக்கால் எங்கிருந்து எங்கே வரை, எல்லாம் இருக்கட்டும். வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்து. தீர்மானத்தால் என்ன ஆகும் என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியைச் சொல்லுங்கள். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பரில் சுற்று ஊர்களில் தீர்மானம் போட்டார்கள், தெருவிலும் இறங்கினார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

பணம்தான் சண்டை வரும் இடம். மக்களும் அரசும் சேர்ந்து பணம் போடும் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடாதீர்கள், ஏக்கர் கணக்கில் பிரியுங்கள். நிலமில்லாதவரிடம் காசு கேட்பது என்ன நியாயம்? குறைகிற பணத்துக்கு மீன்பாசி ஏலப் பணம், அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விட்ட பணம், இருக்கிறது. வரவு செலவைச் சாவடிச் சுவரில் எழுதுங்கள். நோட்டை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

வேலையைச் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஜேசிபி வாடகை மணிக்கணக்கு. வண்டி இறங்கும்போதும் ஏறும்போதும் தலைமடைக்காரர் ஒருவர், கடைமடைக்காரர் ஒருவர் மீட்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். டீக்கும் டீசலுக்கும் நின்ற நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.