சைலன்ட் ஹில் எஃப்: முதல் சுற்றை முடிக்க ஒரு கையேடு

கொனாமி 2025 செப்டம்பர் 25 அன்று வெளியிட்ட 'சைலன்ட் ஹில் எஃப்' என்ற திகில் கேமில் துப்பாக்கி கிடையாது. 'சைலன்ட் ஹில்' தொடரின் பழைய கேம்களை ஆடிவிட்டு வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். 1960களின் ஜப்பான், எபிசுகாவோகா என்ற மலையோரச் சிற்றூர், ஷிமிசு ஹினாகோ என்ற பள்ளி மாணவி, அவள் கையில் ஓர் இரும்புக் குழாய். அந்தக் குழாயும் அடிக்க அடிக்கத் தேய்ந்து ஒரு கட்டத்தில் உடைந்துபோகும். எதிரியைக் கொன்றால் அனுபவப் புள்ளி ஏறாது, கீழே பொருளும் விழாது. அதாவது ஒவ்வொரு சண்டையும் வரவில்லாத செலவு. இதைப் புரிந்துகொண்டு ஆடுபவர்களுக்குக் கடைசி இரண்டு மணி நேரமும் நன்றாகப் போகும். புரியாமல் கண்ணில் பட்டதையெல்லாம் அடித்துக்கொண்டே போனால் பாதியில் கட்டுத்துணிகூட இல்லாமல் நிற்க நேரும்.

கதையின் ரகசியம் எதையும் இங்கே உடைக்கவில்லை. முடிவுகளின் பெயர்கூடத் தெரிய வேண்டாம் என்பவர்கள் கடைசிப் பகுதியை விட்டுவிடலாம். இன்னொன்று: ஜப்பானில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டுமான 'சீரோ இசட்' தரச்சான்று பெற்ற கேம் இது. பாலினப் பாகுபாடு, குழந்தைகள் மீதான வன்முறை, சித்திரவதை எல்லாம் வரும் என்று தொடக்கத்திலேயே எச்சரிக்கிறார்கள். அதைச் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிற்பகுதியில் வரும் சில காட்சிகளைப் பார்ப்பது உண்மையிலேயே கடினம்.

தொடங்கும்போது

சண்டைக்கு ஒன்று, புதிருக்கு ஒன்று என்று இரண்டு கடின நிலைகளைத் தனித்தனியாகக் கேட்பார்கள். சண்டையின் கடினத்தைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். புதிரின் கடினத்தை அந்தச் சுற்று முடியும்வரை மாற்ற முடியாது. முதல் முறை ஆடுபவர்கள் சண்டையை எளிதான 'ஸ்டோரி'யிலும் புதிரைக் கடினமான 'ஹார்ட்'டிலும் வைப்பது நல்லது. 'ஹார்ட்' புதிர்களில் குறிப்புகள் பூடகமாக இருக்கும், ஆனால் கதையோடு ஒட்டி இருக்கும். யோசித்து விடை கண்டால் கதையிலும் ஒரு முடிச்சு அவிழும். சண்டையை 'ஹார்ட்'டில் வைத்தால் எதிரிகள் நிறைய அடி தாங்குவார்கள், ஆயுதம் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். பயம் கூடுவதில்லை, சலிப்புதான் கூடும்.

புதிரின் விடைகள் கடின நிலைக்கு ஏற்ப மாறும். இணையத்தில் விடை தேடும்போது அது எந்த நிலைக்கு எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். வேறு நிலையின் விடையைப் போட்டுவிட்டு கேமில்தான் கோளாறு என்று நினைப்பவர்கள் பலர்.

கன்சோலில் காட்சி சீராக ஓடும் 'பெர்ஃபார்மன்ஸ்' முறையில் ஆடுங்கள். எதிரியின் அடியைத் திருப்பி அடிக்கக் கிடைப்பது கண் சிமிட்டும் நேரம்தான். நொடிக்கு 60 ஃபிரேமில் பிடிபடுவது 30இல் கை நழுவிவிடும். கணினியில் ஆடுவதாக இருந்தால் கேமை எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தில் நிறுவி, நிழல் போன்ற கனமான அமைப்புகளைக் குறைத்து, ஏறி இறங்காத 60ஐப் பிடியுங்கள். மூடுபனியில் எதிரியைக் கண்ணுக்கு முன் காதுதான் கண்டுபிடிக்கும் என்பதால் ஹெட்ஃபோன் அவசியம்.

மூன்று பட்டைகள்

ஹெல்த், ஸ்டாமினா (உடல் தெம்பு), சானிட்டி (மனத்தெளிவு) என மூன்று பட்டைகள். ஹெல்த் தெரிந்ததே. ஸ்டாமினாவைத் தின்பவை விலகலும் கனமான அடியும். அது தீர்ந்தால் ஹினாகோ மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பாள். விழும் அடிகளில் பாதி அந்த நொடிகளில்தான் விழும். பட்டையில் ஒரு விலகலுக்கான மிச்சம் எப்போதும் இருக்க வேண்டும். மூன்றாவது அடிக்கு ஆசைப்பட வேண்டாம். இரண்டு அடி, ஒரு விலகல் போதும்.

எதிரியின் அடி உடலில் படப்போகும் கடைசிக் கணத்தில் விலகினால் அது துல்லியமான விலகல். ஸ்டாமினா மொத்தமாகத் திரும்ப நிரம்பும். ஆகவே எதிரி கையை ஓங்கியதும் விலகாதீர்கள், ஓங்கிய கை இறங்கும்போது விலகுங்கள். பதறி முன்கூட்டியே விலகுபவர்களைத்தான் இந்த கேம் தண்டிக்கிறது.

எதிரி அடிக்கும்போது சில சமயம் உடல் ஒரு நொடி மின்னி நெளிவதுபோலத் தெரியும். அந்த நொடியில் கனமான அடியைக் கொடுத்தால் எதிரி நிலைகுலைந்துவிடும். அதன்பின் இரண்டு மூன்று அடிகளைத் தாராளமாகப் போடலாம். 'ஃபோகஸ்' பொத்தானை அழுத்திப் பிடித்தால் அந்த மின்னும் நேரம் நீளும், பிடிப்பதும் எளிதாகும். ஆனால் பிடித்திருக்கும்வரை சானிட்டி கரையும், அப்போது அடி வாங்கினால் இழப்பும் பெரிது. சானிட்டி வறண்ட பிறகு மனத்தைத் தாக்கும் அடிகள் நேராக ஹெல்த்தில் இறங்கும். எனவே ஃபோகஸைத் தொடர்ந்து பிடிக்காதீர்கள். எதிரி பாயத் தயாராகும்போது பிடித்து, அடி முடிந்ததும் விட்டுவிடுங்கள்.

இதைப் பழக நல்ல இடம் கனவுபோல வரும் இருண்ட கோயில் பகுதிகள். அங்கே கிடைக்கும் கைக்கென் குறுவாளும் நகினாட்டா ஈட்டியும் தேய்வதில்லை. எத்தனை முறை தவறினாலும் ஆயுதம் வீணாகாது. ஊரில் எதிரியிடமிருந்து தப்பி ஓடுங்கள், கோயிலில் நின்று அடித்துப் பழகுங்கள்.

ஆயுதங்கள்

ஊருக்குள் ஒரே நேரத்தில் மூன்று ஆயுதங்கள்தான் வைத்துக்கொள்ள முடியும். கத்தியும் அரிவாளும் வேகமானவை, ஆனால் எதிரியை ஒட்டி நின்றுதான் அடிக்க வேண்டும். கோடாரியும் சம்மட்டியும் ஒரே வீச்சில் நிறையச் சேதம் செய்யும், ஆனால் ஓங்குவதற்குள் எதிரி குத்திவிடும். குழாய், பேஸ்பால் மட்டை, கடப்பாரை ஆகியவை இடைநிலை. ஒரு கனமானது, இரண்டு இடைநிலை என்று வைத்தால் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். எபிசுகாவோகாவின் சந்துகள் குறுகலானவை. அகலமாக வீசும் ஆயுதம் சுவரில் பட்டுத் தெறித்தால் அந்த நொடி எதிரியுடையது. சந்தில் மாட்டினால் பின்வாங்கி, திறந்த இடத்துக்கு இழுத்து வந்து அடியுங்கள்.

பழுதுபார்க்கும் டூல்கிட் கிடைத்ததும் பயன்படுத்த வேண்டாம். ஆயுதம் உடையும் தறுவாயில் இருக்கும்போது போட்டால்தான் முழுப் பயனும் கிடைக்கும். தரையில் அதே வகை ஆயுதம் கிடந்தால் தேய்ந்ததை அங்கேயே விட்டுப் புதியதை எடுங்கள், டூல்கிட் மிச்சம். உடைந்த ஆயுதம் போனது போனதுதான், அதைச் சரிசெய்ய வழியில்லை.

ஹொகோரா: உண்மையான ஆட்டம் இங்கே

வழியோரம் நிற்கும் சின்னஞ்சிறு கோயில்தான் ஹொகோரா. ஜப்பானின் கிராமச் சாலைகளில் இன்றும் பார்க்கலாம். கேமில் சேவ் செய்வது அங்கேதான், சானிட்டியையும் அங்கே தேற்றிக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், பையில் உள்ள பொருளைப் படையலாக வைத்து 'ஃபெயித்' புள்ளி பெறலாம். அந்தப் புள்ளிக்கு இரண்டு பயன்கள். ஒன்று, 'எமா' எனப்படும் வேண்டுதல் பலகையோடு சேர்த்துக் கொடுத்து ஹெல்த், ஸ்டாமினா, சானிட்டி ஆகியவற்றின் உச்சத்தை நிரந்தரமாக உயர்த்துவது. மற்றது, 'ஒமாமோரி' என்ற தாயத்தைக் குலுக்கலில் எடுப்பது.

பலர் கட்டுத்துணியையும் தின்பண்டத்தையும் கடைசிச் சண்டைக்கு என்று பதுக்கி வைப்பார்கள். பையின் இடமோ சிறியது. நிரம்பிய பிறகு கண்ணில் படுவதை எடுக்க முடியாமல் விட்டுப்போக வேண்டிவரும், அதுதான் உண்மையான நஷ்டம். ஒவ்வொரு ஹொகோராவிலும் இதைப் பழக்கமாக்குங்கள்: கட்டுத்துணி நான்கைந்து, முழு ஹெல்த் தரும் முதலுதவிப் பெட்டி ஒன்று, சானிட்டியைத் தேற்றும் புனித நீர் ஒன்றிரண்டு, டூல்கிட் இரண்டு. இதற்கு மேல் உள்ளதைப் படையலாக வையுங்கள். பெரிய சண்டை வரப்போகிறது என்று தோன்றினால் மட்டும் ஒரு மடங்கு கூட்டிக்கொள்ளலாம். சில பொருட்கள் மருந்தாகப் பயன்படாது, படைக்க மட்டுமே. அவற்றை உடனே வைத்துவிடுங்கள்.

புள்ளி சேர்ந்ததும் எமா கையில் இருந்தால் முதலில் உச்சத்தை உயர்த்துங்கள். முதல் எமாவை ஸ்டாமினாவுக்குக் கொடுப்பதே சரி. ஹெல்த் கூடினால் ஓர் அடி கூடுதலாகத் தாங்கலாம், ஸ்டாமினா கூடினால் அந்த அடியே விழாமல் தப்பலாம். அடுத்தது ஹெல்த். ஃபோகஸை அதிகம் நம்பி ஆடுபவர்கள் மட்டும் சானிட்டிக்கு முன்னுரிமை தரட்டும். எமா இல்லாத நேரத்தில் மிஞ்சும் புள்ளிக்கு ஒமாமோரி எடுங்கள். எது வரும் என்பது நம் கையில் இல்லை என்பதால், உயர்த்த வேண்டிய புள்ளியைக் குலுக்கலில் விட வேண்டாம்.

எமா பெரும்பாலும் முதன்மைப் பாதையில் கிடைக்காது. முட்டுச் சந்து, வீட்டின் பின்புறம், வயல் வரப்பின் கோடி ஆகியவற்றைத் தேடுங்கள். வரைபடத்தில் பாதை எந்தப் பக்கம் போகச் சொல்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் முதலில் போய்ப் பாருங்கள்.

யாரிடமிருந்து ஓடுவது, யாரை அடிப்பது

வெட்டி வெட்டி நடக்கும் பொம்மை உருவம் காஷிமாஷி. கையில் கத்தி இருக்கும். தனியாக வந்தால் அடிக்கலாம், இரண்டாக வந்தால் ஓடுங்கள். கீழே விழுந்ததும் முதுகைக் காட்டாதீர்கள், எழுந்து வந்து குத்தும். அயகாகாஷி சோளக்கொல்லைப் பொம்மை போல அசையாமல் நிற்கும். ஆரா-அபாரே பேருருவம், அதைச் சுற்றி ஓடுவதே மேல். ஹராகாரா மட்டும் விதிவிலக்கு. அது மற்ற உருவங்களை ஈன்று தள்ளிக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ளவற்றை விட்டுவிட்டு அதை முதலில் முடிக்காவிட்டால் சண்டை ஓயாது.

கேமின் பின்பகுதியில் வழி அடைபட்டு, சண்டையை முடித்தால்தான் திறக்கும் இடங்கள் கூடும். வடிவமைப்பில் இது ஒரு குறைதான். முன்பகுதியில் ஓடி ஓடிச் சேர்த்தது அங்கேதான் கைகொடுக்கும்.

வயலில் நிற்கும் பொம்மைகள்

மூடுபனி சூழ்ந்த நெல்வயலில் பள்ளிச் சீருடை போட்ட சோளக்கொல்லைப் பொம்மைகள் வரும். பலரும் இதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்தின் அருகிலும் ஒரு குறிப்பு இருக்கும். அதை முழுதாகப் படித்து, எல்லாப் பொம்மைகளையும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். உடை, நிற்கும் விதம், முகம், கையிலிருப்பது எல்லாமே கணக்கு. குறிப்பு சொல்வது பெரும்பாலும் ஒருவரின் மனநிலை. அந்த மனநிலையை உடலில் காட்டும் பொம்மைதான் விடை. தவறானதைத் தேர்ந்தால் உயிர் பெற்றுத் தாக்கும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து விடை காணலாம் என்று நினைத்தால் ஆயுதத்தில் பாதி அங்கேயே தேய்ந்துவிடும்.

புதிரில் சிக்கினால் முதலில் திறக்க வேண்டியது ஹினாகோவின் நாட்குறிப்பு. புதிர்க் குறிப்புகளும் சின்னங்களும் அதில் பதிவாகும். நண்பர்களைப் பற்றிய பக்கங்களில் அவள் எழுதுவதும் கதை போகப்போக மாறும். அதை அவ்வப்போது படிப்பவர்களுக்குப் பள்ளிக்கூடப் பகுதியின் குறிப்புகள் சீக்கிரம் பிடிபடும்.

இரண்டாம் சுற்றும் முடிவுகளும்

மொத்தம் ஐந்து முடிவுகள். முதல் சுற்றில் என்ன செய்தாலும் 'கமிங் ஹோம் டு ரூஸ்ட்' மட்டுமே வரும். ஆகவே முதல் முறை தவறான தேர்வு என்று எதுவும் இல்லை, பயமின்றி ஆடுங்கள். நண்பன் ஷூ தரும் சிவப்பு மாத்திரையையும் தேவைப்படும்போது விழுங்கலாம். இரண்டாம் சுற்றிலிருந்து அந்த மாத்திரையைத் தொடாதீர்கள், முடிவுகள் அதோடு பிணைந்தவை. பையில் இடத்தை அடைத்தால் படையலாக வைத்துவிடுங்கள்.

கதையை எழுதியவர் ரியூகிஷி07. ஒரே சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு முறையும் வேறு முகம் காட்டுவது அவருடைய பாணி. இரண்டாம் சுற்றில் புதிய கடிதங்களும் காட்சிகளும் சேரும். பார்த்த காட்சிகளைத் தாண்டலாம், புதிய கடிதங்களைத் தாண்டாதீர்கள். உயர்த்திய உச்சங்களும் ஒமாமோரிகளும் கூடவே வருவதால் இந்தச் சுற்று பாதி நேரத்தில் முடியும்.

'ஃபாக்ஸஸ் வெட்டிங்', 'தி ஃபாக்ஸ் வெட்ஸ் இட்ஸ் டெயில்' என்று நரியின் பெயர் தாங்கிய முடிவுகள் இரண்டு. வெயிலடிக்கும்போதே மழை பெய்தால் ஜப்பானியர்கள் நரிக்குக் கல்யாணம் என்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் நரிக்கும் காக்காவுக்கும் கல்யாணம் என்று கத்துவதும் அதே மழைக்குத்தான். இந்த இரண்டு முடிவுகளையும் பார்த்தால்தான் உண்மை முடிவான 'எபிசுகாவோகா இன் சைலன்ஸ்' திறக்கும். ஆக, குறைந்தது நான்கு சுற்றுகள். இந்தத் தொடரில் வழக்கமாக இருக்கும், வேற்றுக்கிரகவாசிகள் வரும் முடிவும் இரண்டாம் சுற்றிலிருந்து கிடைக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் தனி சேவ் இடம் ஒதுக்குங்கள். பழைய சேவ் மேல் எழுதிவிட்டு, நடுவில் தவறவிட்ட ஒரு பொருளுக்காக மொத்தச் சுற்றையும் மறுபடி ஆட வேண்டியதில்லை.