கடலோர ஊர்களில் தெரு போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேசுவரத்தில் அமாவாசைக் காலையில், அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டு வருகிறவர்களின் கால்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். எல்லாம் வெறுங்கால். சேலையிலிருந்தும் வேட்டியிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தோடுதான் கோயிலுக்குள் போய் 22 தீர்த்தங்களிலும் நீராடுவார்கள். ஒரு அமாவாசையன்று நான் அங்கே நின்றிருந்தேன். வயதான அம்மா ஒருவர் பேத்தியின் தோளைப் பிடித்தபடி ஓரமாக வந்தார். வழியில் ஒரு கடைவாசலில் வழவழவென்று டைல்ஸ் பதித்திருந்தார்கள். அதில் ஒரு காலை வைத்ததும் வழுக்கியது. சட்டென்று காலை எடுத்துக்கொண்டார். "வேணாம் தாயி, ரோட்டுலயே போயிருவோம்" என்று சொல்லிவிட்டு, ஆட்டோவும் வேனும் வந்துகொண்டிருந்த சாலையில் இறங்கிவிட்டார்.

இப்படி இறங்குகிறவர்களைப் பார்த்துத்தான் "நம்ம ஜனங்க ஓரமா நடக்கவே மாட்டாங்க" என்கிறோம். அந்த அம்மா மேல் என்ன தப்பு இருக்கிறது? அந்த வழியில் யார் நடப்பார்கள், எப்படிப்பட்ட காலோடு நடப்பார்கள் என்று யாரும் யோசிக்காமல் தரை போட்டிருக்கிறார்கள். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை இந்தக் கடற்கரையில் எங்கே தெரு வேலை நடந்தாலும், பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. வார்டு உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் ஊருக்காக மனு எழுதுகிற இளைஞர்களும் இதைப் படித்தால் எனக்கு மகிழ்ச்சி.

வண்டியை மட்டும் எண்ணுவது

ஒரு சாலைக்குத் திட்டம் போடும் முன்பு கணக்கெடுப்பார்கள். கார் எத்தனை, லாரி எத்தனை, பஸ் எத்தனை என்று தாளில் கோடு விழும். அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் மீன் விற்கப் போகிற அக்காவுக்குக் கோடு கிடையாது. கடல்பாசி எடுக்கக் கும்பலாகக் கிளம்புகிற பெண்களுக்கும், வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசலுக்கு நடந்து போகிறவர்களுக்கும், சைக்கிளில் போகிற பிள்ளைகளுக்கும் கிடையாது. எண்ணாதவர்களுக்கு இடம் ஒதுக்க முடியாதே. கடைசியில் தார் போட்டது போக மிஞ்சிய மண் ஓரம் அவர்களுக்கு.

விலை கொடுப்பதும் அவர்கள்தான். 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 44.5 சதவீதம், நடந்து போனவர்கள் 19.5 சதவீதம். இறந்த மூவரில் ஏறத்தாழ இரண்டு பேர் இந்த இரண்டு வகைக்குள் வந்துவிடுகிறார்கள். அதே ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்து பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105.

நகரங்களுக்கான தேசியப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: திட்டம் ஆட்களை நகர்த்துவதற்கு, வண்டிகளை நகர்த்துவதற்கு இல்லை. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதை என்பது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதனால் நடைபாதை கேட்கிறவர்கள் சலுகை கேட்பதுபோலத் தயங்க வேண்டியதில்லை.

நெரிசல் என்றதும் அகலப்படுத்துவது

இது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. தனுஷ்கோடியை வைத்து இதைப் பார்ப்போம். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே நல்ல சாலை கிடையாது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து ஜீப்பிலோ வேனிலோ பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்துகொண்டு மணலில் குலுங்கிக் குலுங்கிப் போவோம். 2017-ல் அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர் சாலை திறந்தது. நல்ல விஷயம்தான், அங்கே வாழ்கிற மீனவக் குடும்பங்களுக்கு அது வேண்டும். ஆனால் அதோடு ஒவ்வொரு குடும்பமும் தன் காரிலேயே முனைவரை வர ஆரம்பித்தது. விடுமுறை நாளில் போய்ப் பாருங்கள், சாலை முடிகிற இடத்தில் வண்டியைத் திருப்பவே இடமிருக்காது.

சரி, அகலப்படுத்தலாம் என்றால் எங்கே? இந்தப் பக்கம் மன்னார் வளைகுடா, அந்தப் பக்கம் பாக் நீரிணை. நிலமே ஒரு கோடு அளவுக்குத்தான். புதுச்சாலை புது வண்டிகளைக் கூட்டிக்கொண்டுதான் வரும் என்பது உலகம் முழுக்கக் கண்ட அனுபவம். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து நெடுஞ்சாலை ஒன்றைச் சில இடங்களில் 26 தடம் வரைக்கும் அகலப்படுத்தினார்கள். சில வருடத்திலேயே மறுபடியும் நெரிசல். தனுஷ்கோடிக்கு என் யோசனை இதுதான்: விடுமுறை நாள்களில் வெளியூர்க் கார்களை முன்னாலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்து கால் மணிக்கு ஒரு பஸ் விட வேண்டும். உள்ளூர் மீனவர்களின் வண்டிக்கு மட்டும் விலக்கு.

கீழக்கரையில் நேர்மாறான ஒரு செல்வம் இருக்கிறது. பழைய தெருக்களெல்லாம் குறுகல். சுவர் நிழல் தெருவிலேயே விழுவதால் மதியத்திலும் நடக்க முடிகிறது. திருப்பங்கள் இருப்பதால் எந்த வண்டியும் வேகமெடுக்க முடியாது. பிள்ளைகள் வாசலில் விளையாடலாம். "தெரு ரொம்பக் குறுகல், இடிச்சு அகலமாக்கணும்" என்று யாராவது கிளம்பினால், அந்தத் தெரு இத்தனை காலம் பாதுகாப்பாக இருந்ததற்குக் காரணமே அந்தக் குறுகல்தான் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் வர ஒரு வழியை அடைப்பில்லாமல் வைத்துக்கொண்டால் போதும். ஸ்பெயினில் பொந்தேவேத்ரா என்ற ஊர், கீழக்கரையைவிடப் பெரியது. அங்கே 1999-லிருந்து பழைய ஊர்ப்பகுதியில் கார்களை வெளியே நிறுத்திவிட்டுத் தெருவை நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கு வேறு நாட்டு நகராட்சிக்காரர்கள் அதைப் பார்க்க அங்கே போகிறார்கள்.

வேகத்தைப் பலகையிடம் ஒப்படைப்பது

கிழக்குக் கடற்கரைச் சாலை பல ஊர்களை நடுவில் பிளந்துகொண்டு போகிறது. ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் பள்ளிக்கூடமோ கடலோ. வெளியூரிலிருந்து வருகிற ஓட்டுநருக்கு ஊர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது, ஏனென்றால் சாலை மாறவில்லை. அதே அகலம், அதே நேர்கோடு. ஓரத்தில் "மெதுவாகச் செல்லவும்" என்று ஒரு பலகை மட்டும். அகலமும் நேர்கோடும் வேகமாகப் போ என்று சொல்லும்போது, பலகை சொல்வதை யார் கேட்பார்கள்?

வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்த வண்டி மோதினால் நடப்பவர் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். அதனால்தான் 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய அமைச்சர்கள் மாநாடு, ஆட்களும் வண்டிகளும் கலக்கிற இடங்களில் 30-ஐ உச்ச வேகமாக வைக்கச் சொன்னது.

அப்புறம், அடுத்த தவறு வேகத்தடை. ஒரு விபத்து நடக்கும், மறியல் நடக்கும், மறுநாள் காலையில் சாலைக்குக் குறுக்கே குப்பென்று ஒரு மேடு நிற்கும். பெயின்ட் இருக்காது, முன்னெச்சரிக்கை இருக்காது. ராத்திரியில் அதில் ஏறித் தூக்கி வீசப்படுவது மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாதான். வேகத்தடைக்கு, சாலைகளுக்குத் தரம் வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொன்ன அளவு இருக்கிறது: 3.7 மீட்டர் நீளத்துக்குப் படிப்படியாக ஏறி இறங்க வேண்டும், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர். 25 கிலோமீட்டரில் வந்தால் குலுங்காமல் போகலாம். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் உங்கள் ஊர் மேட்டை ஒருமுறை அளந்து பாருங்கள். பள்ளிக்கூட வாசலில் இன்னும் நல்ல வழி உண்டு. சாலையைக் கடக்கும் இடத்தையே மேடாக, தட்டையாக உயர்த்திவிட்டால், பிள்ளைகள் இறங்காமலே கடப்பார்கள், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும்.

பாம்பன் சாலைப் பாலத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1988-ல் திறந்த நாளிலிருந்து அதில் போகிற எல்லோருக்கும் ஒரே ஆசை, நிறுத்திக் கடலையும் ரயில் பாலத்தையும் பார்க்க வேண்டும். நிறுத்தாதே என்று எழுதி வைத்து அந்த ஆசையை நிறுத்த முடியாது. பாலத்துக்கு முன்னாலேயே வண்டி நிறுத்த இடமும், அங்கிருந்து நடந்து வந்து பார்க்க அடைப்போடு கூடிய வழியும் இருந்தால், பாலத்தின் நடுவில் குழந்தையோடு நிற்கிறவர்கள் தானாகக் குறைவார்கள்.

பஸ்ஸைக் கடைசியில் யோசிப்பது

தெருவெல்லாம் போட்டு முடித்த பிறகு, எஞ்சிய மூலையில் நிழற்குடை வைப்பார்கள். பஸ் ஒரு இடத்தில் நிற்கும், நிழற்குடை வேறு இடத்தில் இருக்கும். மீன் விற்கிற அக்கா வெயிலில் கூடையோடு நின்று, பஸ்ஸைக் கண்டதும் ஓடிப் போய் ஏற வேண்டும். அந்தக் கூடையை இறக்கி வைக்க இடுப்புயரத்தில் ஒரு திண்ணை இருந்தால், யார் கையையும் எதிர்பார்க்காமல் அவரே தூக்கித் தலையில் வைத்துக்கொள்வார். சுமைதாங்கிக் கல் நட்ட ஊர்க்காரர்கள் நாம். அதே உயரத்தில் ஒரு கல் மேடை கட்ட என்ன செலவாகிவிடும்?

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெண்கள் கூடுதலாகப் போய்வருகிறார்கள். ஆனால் இருட்டிய பிறகு பஸ்ஸிலிருந்து இறங்கி வீடுவரை நடக்கிற அந்தக் கடைசி அரை கிலோமீட்டரில் விளக்கில்லை என்றால், அந்தப் பயணம் பாதியில்தான் நிற்கிறது. நிறுத்தத்தையொட்டிப் பூக்கடையும் பணியாரக் கடையும் இருந்தால் அங்கே வெளிச்சமும் ஆளரவமும் இருக்கும். ஆக்கிரமிப்பு என்று முதலில் அவர்களைத் துரத்துவதும் தவறுதான். 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, அவர்களுக்கு இடம் ஒதுக்கித் திட்டம் போட வேண்டும்.

ரயிலும் பஸ்ஸும் பேசிக்கொள்வதில்லை என்பது இன்னொன்று. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டதிலிருந்து, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கும்வரை, ராமேசுவரம் போகிறவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி பஸ் பிடித்தார்கள். ரயில் வந்த நேரத்தில் பஸ் நின்றால் என்ன ஆகும், நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு வருடத்துக்கு மேல் பாடம் படித்திருக்கிறோம். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் போகிற பஸ்களுக்கும் ராமநாதபுரம் ரயில் நேரத்தைப் பார்த்துத்தான் நேரம் வைக்க வேண்டும்.

வேறு ஊர் வரைபடத்தை இங்கே விரிப்பது

உப்புக்காற்று இங்கே எதையும் விடாது. புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், பாலிசிலாக்சேன் என்ற துருத்தடுப்புப் பூச்சும் தேவைப்பட்டன. நாமோ சாதாரண இரும்புக் குழாயில் தடுப்பும் தகரக் கூரையில் நிழற்குடையும் வைக்கிறோம். கொஞ்ச நாளில் அடி அரித்து, கையைக் கிழிக்கிற தகடாகத் தொங்கும். கல்லும் காங்கிரீட்டும் பனங்கையும் இந்த மண்ணுக்குத் தாங்கும். ஆனி, ஆடிக் காற்றில் தனுஷ்கோடி பக்கம் மணல் வந்து சாலையை மூடிவிடும். வெள்ளைக் கோடு போட்டுக் கடக்குமிடம் காட்டுவது அங்கே பாதி வருடம் பலிக்காது, உயர்த்திய மேடைதான் பலிக்கும்.

நிழலுக்குப் பூவரசு நடுங்கள். உப்பையும் காற்றையும் தாங்கும், சீக்கிரம் அடரும். நட்டுவிட்டு அடிமரம் வரைக்கும் காங்கிரீட் ஊற்றிவிடாதீர்கள். நடைபாதை 1.8 மீட்டராவது தடங்கலில்லாமல் இருக்கட்டும். உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் வயதானவர்கள் ஏற மாட்டார்கள். தரை சொரசொரப்பாக, வெளிர் நிறத்தில் இருந்தால் வெறுங்கால் சுடாது, ஈரக்கால் வழுக்காது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போடுவதையும் அனுமதிக்காதீர்கள். இங்கே நிலம் சமதரை, சாலை அரை அடி உயர்ந்தாலே ஐப்பசி மழை வீட்டுக்குள்தான் வரும். ஊருணிக்குப் போகிற தண்ணீரும் தடைபடும்.

மனுவைத் தவறான வாசலில் கொடுப்பது

பல நல்ல மனுக்கள் இதனால்தான் வீணாகின்றன. ஊருக்குள் போகிற சாலை என்பதால் அது ஊராட்சியுடையது ஆகிவிடாது. ஓரத்தில் நடப்பட்ட கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. அந்தந்தத் துறைக்குத்தான் எழுத வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 198ஏ பிரிவையும் மனுவில் குறிப்பிடுங்கள். சாலையின் வடிவமைப்பும் பராமரிப்பும் உரிய தரத்தில் இல்லாததால் உயிர் போனாலோ ஊனம் நேர்ந்தாலோ, பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு.

மனுவோடு ஒரு தாளையும் இணைத்துவிடுங்கள். கடக்கச் சிரமப்படுகிற இடத்தில் மூன்று நாள் உட்கார்ந்து எடுத்த கணக்கு அது: ஒரு பள்ளி நாள் காலை, ஒரு சந்தை நாள், ஒரு அமாவாசை அல்லது வெள்ளிக்கிழமை. நடந்தவர், சைக்கிளில் போனவர், சுமையோடு போனவர், கைப்பிடித்துக் கூட்டிப்போன குழந்தை என்று தனித்தனிக் கட்டம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தால் போதும், அழகாகச் செய்துவிடுவார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். அந்தத் தாளை அங்கே வாசித்துத் தீர்மானமாகப் பதிய வையுங்கள், நகலை அன்றைக்கே கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.