பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் வேலைக்குக் கேட்கும் தொகை நியாயமா? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

திருவான்மியூரில் நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டில், கார்த்திகை மாதம் வந்துவிட்டால் பாத்ரூமில் துண்டு காயாது. காலையில் கம்பியில் போட்டதை ராத்திரி தொட்டாலும் ஈரம் பிசுபிசுக்கும். கூரை ஓரத்தில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் பூஞ்சை. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுவிடலாம் என்று, தெரிந்த எலக்ட்ரீஷியனுக்கு போன் செய்தேன். பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "எக்ஸாஸ்ட் ஃபேன் ஒர்க் ஃபுல்லா 9,800 ஆகும்க்கா."

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அது நியாயமா, அதிகமா என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் ஐயாயிரத்துக்கு முடிந்தது என்பதும் உதவாது. அவர்கள் வீட்டுச் சுவர் வேறு, வயர் ஓட வேண்டிய தூரம் வேறு. தொகையைப் பிரித்தால்தான் எதுவும் புரியும். அதற்கு முன்னால் நம் பாத்ரூமை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 1: டேப் எடுத்து அளந்துவிடுங்கள்

எங்கள் பாத்ரூம் நீளம் 8 அடி, அகலம் 5 அடி, உயரம் 9 அடி. பெருக்கினால் 360 கன அடி. பாத்ரூமுக்கு மணிக்கு 6 முதல் 10 முறை காற்று மாற வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. பத்து முறை என்றே வைத்துக்கொள்வோம்: மணிக்கு 3,600 கன அடி. ஃபேன் பெட்டியில் கன மீட்டரில்தான் போட்டிருப்பார்கள், அதனால் 35.3 ஆல் வகுத்துவிடுங்கள். ஏறக்குறைய 102 வரும். சாதாரண 6 இன்ச் ஃபேன் (பெட்டியில் 150 மி.மீ. என்று இருக்கும்) பெரும்பாலும் மணிக்கு 200 கன மீட்டருக்கு மேல் இழுக்கும். இந்த அளவு பாத்ரூமுக்கு அது தாராளம். 10 இன்ச் ஃபேன் தேவையில்லை. விலையும் கூடும், சத்தமும் கூடும், ஓட்டையும் பெரிதாக வெட்ட வேண்டும்.

படி 2: காற்று எங்கே போகப் போகிறது?

செலவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நேரம் செலவழியுங்கள்.

சென்னை ஃபிளாட்டுகள் பலவற்றில் பாத்ரூமுக்கு மேலே கண்ணாடிப் பட்டை வைத்த வென்டிலேட்டர் இருக்கும். அது வெளியிலோ, கட்டடத்தின் நடுவில் பைப்புகள் இறங்கும் ஷாஃப்ட்டிலோ திறக்கும். வென்டிலேட்டர் இருந்தால் சுவரைத் தொடவே வேண்டாம். சில கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வட்டமாக வெட்டிய ஏசிபி ஷீட்டை (இரு பக்கமும் அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) வைத்து ஃபேனைப் பொருத்திவிடலாம். அலுமினியம் வேலை செய்பவர்கள் அளவு கொடுத்தால் வெட்டித் தருவார்கள்.

வென்டிலேட்டர் இல்லையென்றால் சுவரில் கோர் கட்டிங் செய்ய வேண்டும். வைரப்பல் வைத்த மெஷினில் தண்ணீர் விட்டு வட்டமாக அறுப்பார்கள். அதற்குத் தனி ஆள், தனிக் கூலி. சுவருக்குள் கான்கிரீட் பீம் இருந்தால் அதில் கை வைக்கக் கூடாது. இடத்தை மாற்றச் சொல்லுங்கள். மூன்றாவது, நாலாவது மாடியில் வெளிச்சுவரில் மூடி பொருத்தக் கயிறு கட்டி இறங்க வேண்டியிருந்தால் அந்தக் கூலியும் நியாயமானதே. உயிரைப் பணயம் வைக்கும் வேலை அது. அசோசியேஷனிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஃபால்ஸ் சீலிங்குக்குள் காற்றைத் தள்ளிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈரம் அங்கேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

படி 3: வீட்டுக்கு வந்து பார்த்து, பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்

நான் கேட்டது இதுதான்: "தம்பி, ஒரு தடவை வந்து பார்த்துட்டு, சாமான் தனியா கூலி தனியா எழுதிக் கொடுங்க." அவர் வந்தார். போனில் சொன்ன 9,800 எப்படி வந்தது என்று அதே இடத்தில் ஒரு தாளில் எழுதினார்: 10 இன்ச் மெட்டல் ஃபேன் 3,200. வயர் ஒரு காயில் 2,200. கோர் கட்டிங் 2,000. கூலி 1,800. இதர செலவு 600.

அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. பார்க்காமலே சொன்னதால், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பெரிதாகப் போட்டுவிட்டார். பிரித்துக் கேட்டால் முகம் சுளிப்பவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

படி 4: வரி வரியாகப் பாருங்கள்

ஃபேன்: பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எம்ஆர்பிக்கும் கடையில் கிடைக்கும் விலைக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். எலக்ட்ரிக்கல் கடை இரண்டில் விசாரியுங்கள். நேரம் இருந்தால் பாரிமுனைப் பக்கம் போய் வரலாம். கடலோரப் பகுதி என்றால் மெட்டல் வேண்டாம், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் பாடி போதும். ஃபேனை நிறுத்தினால் தானே மூடிக்கொள்ளும் ஷட்டர் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழையும் கொசுவும் உள்ளே வரும். ஷாஃப்ட் பக்கம் வலையும் அடித்துவிடுங்கள். எங்கள் வென்டிலேட்டரைக் கழற்றியபோது கண்ணாடிக்குப் பின்னால் புறா கட்டிய கூடு ஒரு கை கனத்துக்கு இருந்தது, ஈர்க்குச்சியும் பழைய கேபிள் டையுமாக.

வயர்: இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஒரு காயில் என்பது 90 மீட்டர். எங்கள் ஸ்விட்ச் போர்டிலிருந்து ஃபேன் வரை 8 மீட்டர். ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று வயர், ஆக 24 மீட்டர். வளைவுகளுக்கும் சேர்த்து 27 மீட்டர் அளந்து வாங்கினால் முடிந்தது. மீதி 63 மீட்டருக்கு நாம் ஏன் காசு தர வேண்டும்? 6 இன்ச் ஃபேன் சில பத்து வாட்தான் இழுக்கும், 1 சதுர மி.மீ. வயர் போதும். 2.5 என்று எழுதியிருந்தால் அது கீசருக்கான கணக்கு.

எர்த் வயரை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். வீட்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் இருந்து (மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்ட்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச், ஈஎல்சிபி என்றும் சொல்வார்கள்), அதையும் போடச் சொல்லி அவர் எழுதியிருந்தால் அந்த வரியை அடிக்காதீர்கள். ஈரக்கையோடு புழங்கும் இடம் அது.

ஜிஎஸ்டி: ஜிஎஸ்டி என்று ஒரு தொகை இருந்தால் எண்ணைக் கேளுங்கள். 15 எழுத்து-எண்கள், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வாங்க முடியாது.

படி 5: கூலியில் கை வைக்காதீர்கள்

பேரம் சாமானில் பேசுங்கள். கூலியில் முந்நூறு ரூபாய் குறைத்தால் அந்த முந்நூறுக்கான கவனம் எங்கோ குறையும். ஜாயிண்ட்டில் டேப் சுற்றாமல் விட்டது ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். எங்களுக்கு வென்டிலேட்டர் இருந்ததால் கோர் கட்டிங் தேவைப்படவில்லை. கணக்கு கடைசியில் இப்படி வந்தது: ஃபேன் 1,500, வயர் 550, ஷீட் 400, ஸ்விட்ச், கேசிங், சீலன்ட் எல்லாம் 400. கூலி அதே 1,800. மொத்தம் 4,650. அதே தம்பிதான் செய்தார், அரை நாளில் முடித்தார்.

படி 6: பாக்கிப் பணத்துக்கு முன்னால் ஊதுவத்தி

சாமானுக்கு மட்டும் அட்வான்ஸ் கொடுத்து, கூலியை வேலை முடிந்ததும் கொடுங்கள். ஃபேனைப் போட்டு, கதவைச் சாத்தி, ஃபேனுக்கு இரண்டடி தள்ளி ஊதுவத்தியைப் பிடியுங்கள். புகை வளைந்து ஃபேன் பக்கம் ஓட வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் நேராக மேலே போனது. கதவைக் கொஞ்சம் திறந்ததும் சட்டென்று வளைந்தது. உள்ளே காற்று வர வழி இல்லாததுதான் காரணம். ஃபேனில் குறை இல்லை. கதவின் அடியில் முக்கால் இன்ச் இழைத்தெடுத்தோம், சரியாகிவிட்டது. அப்புறம் கூலியைக் கொடுத்துவிட்டு, கடை முத்திரை போட்ட வாரண்டி அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்தினேன். இப்போது குளித்து முடித்த பிறகு இருபது நிமிடம் ஃபேன் ஓடுகிறது. துண்டு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிறது.